கூடினாலும் குறைந்தாலும்: அன்ட்ரோஜன் ஓமோனும் எங்கள் உடம்பும்

என்னிடம் வரும் நோயாளர்களில் இரண்டு வகையினர் வந்த காரணத்தை முதலில் சொல்வதில்லை.

ஒரு வகையினர் பதினெட்டு, இருபது வயதுப் பெண்பிள்ளைகள். பெரும்பாலும் தாயோடு வருவார்கள். தலையிடி, வயிற்றுக்குத்து என்று ஏதோ ஒன்றைச் சொல்லி மருந்தும் எழுதி வாங்கிவிடுவார்கள். எழும்பிப் போகும் நேரத்தில்தான் தாய் தயங்கித் தயங்கி, "டொக்டர், இவளுக்கு நாடியில மயிர் முளைக்குது. கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம்…" என்று இழுப்பார். மற்ற வகையினர் நாற்பது, ஐம்பது வயது ஆண்கள். யுத்தத்தில் காயப்பட்டவர்கள். "உடம்பில பலமில்லை, ஒரு விற்றமின் எழுதித் தாங்கோ" என்பார்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை சவரம் செய்கிறீர்கள் என்று கேட்டால் திகைப்பார்கள். முன்பு ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தவர் இப்போது கிழமைக்கு ஒருமுறை செய்வதாகச் சொல்வார். அது ஏன் என்று அவர் யோசித்ததில்லை.

இந்த இரண்டு பேரையும் பற்றி ஊர் ஏற்கெனவே ஒரு முடிவைச் சொல்லியிருக்கும்: "யோசனைதான் காரணம்." இழந்தவர்களும், காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடுபவர்களும், கடனோடு வாழ்பவர்களும் நிறைந்த எங்கள் பிரதேசத்தில் யோசனை இல்லாத வீடு எது? அதனாலேயே அந்த விளக்கம் எல்லாவற்றுக்கும் பொருந்துவதுபோலத் தெரிகிறது. ஆனால் நாடியில் முளைக்கும் மயிருக்கும், வளர மறுக்கும் தாடிக்கும் பெரும்பாலும் பரிசோதித்துக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு பேரிடமும் தடுமாறியிருப்பது ஒரே ஓமோன் குடும்பம்தான்: அன்ட்ரோஜன். ஒருவரில் அது கூடியிருக்கிறது, மற்றவரில் குறைந்திருக்கிறது.

பாடசாலையில் அன்ட்ரோஜனை ஆண் ஓமோன் என்று படித்திருப்போம். அந்தப் பெயர் அரைவாசிதான் சரி. ஆணில் விதைகளிலும், பெண்ணில் சூலகங்களிலும், இருபாலாரிலும் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பிகளிலும் அன்ட்ரோஜன்கள் உருவாகின்றன. அவற்றுள் முதன்மையானது டெஸ்டோஸ்டிரோன். வளர்ந்த ஆணின் இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 300 முதல் 1000 நனோகிராம் வரை இருக்கும். பெண்ணில் ஏறக்குறைய 15 முதல் 70 வரை. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் இந்த எல்லைகள் கொஞ்சம் மாறும். பெண்ணில் இருக்கும் அந்தச் சிறிய அளவும் வீணாக இருப்பதில்லை. பெண் ஓமோனான ஈஸ்ட்ரஜன் அதிலிருந்துதான் தயாராகிறது. எலும்புக்கும் தசைக்கும் பாலுணர்வுக்கும் அதற்குப் பங்குண்டு.

இரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் மிகப் பெரும்பகுதி புரதங்களில் கட்டுண்டிருக்கும். ஈரல் தயாரிக்கும் ஒரு காவிப் புரதம் அதை இறுகப் பிடித்து வைத்திருக்கும். பிடிபடாமல் சுயாதீனமாக ஓடும் சிறு பங்குதான் கலங்களுக்குள் போய் வேலை செய்கிறது. ஆகவே மொத்த அளவு சரியாக இருந்தும், காவிப் புரதம் குறைந்தால் சுயாதீனப் பங்கு கூடிவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தோலுக்கு வந்ததும் இன்னொரு மாற்றம் நடக்கிறது. தோலிலும் மயிர்க்கால்களிலும் இருக்கும் 5-அல்பா ரிடக்டேஸ் என்ற நொதியம் டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. சுருக்கமாக டி.எச்.டி. இது தாய் ஓமோனைவிடப் பல மடங்கு வலிமையோடு கலங்களில் ஒட்டிக்கொள்ளும். நெய்ச்சுரப்பிகள் பெருத்து எண்ணெய் கூடுதலாக வடிவதும், துவாரம் அடைபட்டு உள்ளே பக்டீரியா பெருகிப் பரு வருவதும் இதன் தூண்டலால்தான். பதின்ம வயதில் ஆண், பெண் எல்லோருக்கும் பரு வருவது அந்த வயதில் அன்ட்ரோஜன் கூடுவதால், அது நோயல்ல. ஆனால் இருபத்தைந்து வயதைக் கடந்த ஒரு பெண்ணுக்கு நாடியிலும் தாடையோரத்திலும் ஆழமான, நோவுள்ள பருக்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், கூடவே மாதவிடாயும் ஒழுங்கில்லை என்றால், சவர்க்காரத்தை மாற்றிப் பிரயோசனமில்லை.

மயிரின் கதை இன்னும் விசித்திரமானது. அதே டி.எச்.டி. தாடி, மீசை, மார்பு, தொடைப் பகுதிகளில் பூனைமயிரைத் தடித்த கருமயிராக மாற்றுகிறது. தலையுச்சியிலோ நேர் எதிராக, தடித்த மயிரைத் தலைமுறை தலைமுறையாக மெலிய வைத்துக் கடைசியில் பூனைமயிராக்கி விடுகிறது. ஒரே ஓமோன், ஒரே மனிதர், இரண்டு இடத்தில் இரண்டு விளைவு. ஒவ்வொரு மயிர்க்காலும் அந்த ஓமோனுக்கு எப்படிப் பதில் சொல்லவேண்டும் என்பது பிறப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

1942 இல் அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஜேம்ஸ் ஹமில்டன் இதைத் தெளிவாக்கினார். பருவமடைவதற்கு முன் விதைகளை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்றும், அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது வழுக்கைப் பரம்பரையில் வந்தவர்களுக்கு வழுக்கை விழுந்தது என்றும் காட்டினார். ஓமோன் மட்டும் போதாது, பரம்பரையும் வேண்டும். 1974 இல் ஜூலியான் இம்பெரட்டோ-மக்கின்லி என்ற மருத்துவரின் குழு டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் என்ற ஊரில் நடத்திய ஆய்வை வெளியிட்டது. மேற்சொன்ன நொதியம் பிறப்பிலேயே குறைந்த குழந்தைகள் அங்கே இருந்தார்கள். பெண்பிள்ளைகளாகத் தோன்றிப் பிறந்து, பருவ வயதில் ஆணாக மாறினார்கள். வளர்ந்த பின் அவர்களுக்குத் தாடி குறைவு, புரஸ்ரேற் சுரப்பி சிறியது, வழுக்கையே இல்லை. அந்த நொதியத்தைத் தடுக்கும் பினஸ்ரரைட் குளிசை 1992 இல் அமெரிக்காவில் புரஸ்ரேற் வீக்கத்துக்கும், 1997 இல் குறைந்த அளவில் ஆண் வழுக்கைக்கும் அனுமதிக்கப்பட்டது. இன்று எங்கள் ஊர் இளைஞர்களும் வைத்தியரைக் காணாமலே அதை வாங்கிப் போடுகிறார்கள். சிலருக்குப் பாலுணர்வு குறையலாம், மனச்சோர்வும் வரலாம். கர்ப்பிணிகள் உடைந்த குளிசையைக் கையால் தொடக்கூடாது, வயிற்றிலுள்ள ஆண் சிசுவைப் பாதிக்கலாம். வயதானவர்கள் புரஸ்ரேற் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்யும்போது இந்தக் குளிசை போடுவதைச் சொல்லவேண்டும். பெறுமானத்தை அது ஏறக்குறைய அரைவாசியாகக் குறைத்துக் காட்டும்.

பெண்களிடம் வருவோம். பெண்ணில் அன்ட்ரோஜன் கூடுவதற்கு மிகப் பொதுவான காரணம் பி.சி.ஓ.எஸ். எனப்படும் சூலகப் பல்பை நிலை. 1935 இல் ஸ்ரெயின், லெவென்தால் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் முதலில் விபரித்தார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 6 முதல் 13 வீதமானோருக்கு இது இருக்கிறது. அவர்களில் 70 வீதம் வரையானோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. இலங்கையில் கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயதுப் பெண்களிடையே வீடு வீடாகச் சென்று செய்யப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வு 6.3 வீதம் என்று கண்டது. பதினாறு பேருக்கு ஒருவர். உயர்தர வகுப்பறை ஒன்றில் முப்பது மாணவிகள் இருந்தால், இருவருக்கு இருக்கலாம்.

பெயர்தான் குழப்பத்தைத் தருகிறது. "சூலகத்தில கட்டியாம்" என்று அழுதுகொண்டு வருகிறார்கள். ஸ்கானில் தெரிபவை கட்டிகள் அல்ல. முதிர்ந்து வெளிவராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். புற்றுநோயும் அல்ல, வெட்டி எடுக்கவேண்டியவையும் அல்ல. நோயின் வேர் சூலகத்தில் மட்டும் இல்லை, இன்சுலினிலும் இருக்கிறது. இவர்களில் பெரும்பாலானோரின் உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. சதையி அதை ஈடுகட்ட மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. கூடிய இன்சுலின் சூலகத்தைத் தூண்டி அன்ட்ரோஜனைக் கூட்டுகிறது. அதோடு, முன்னர் சொன்ன அந்தக் காவிப் புரதத்தை ஈரல் தயாரிப்பதையும் குறைக்கிறது. இரண்டு பக்கத்தாலும் சுயாதீன டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது. முகத்தில் மயிர், பரு, தலையுச்சியில் வகிடு அகலுதல், முட்டை வெளிவராததால் மாதவிடாய் தள்ளிப்போதல் எல்லாம் அங்கிருந்து வருகின்றன.

இன்சுலின் பிரச்சினையைக் கண்ணால் காணலாம். பிள்ளையின் பின்கழுத்தைப் பாருங்கள். கறுத்து, தடித்து, வெல்வெற் துணிபோல இருக்கும். கமக்கட்டிலும் அப்படித்தான். ஊத்தை என்று நினைத்துத் தும்பு போட்டுத் தேய்த்துப் புண்ணாக்கிய கழுத்துகளைக் கண்டிருக்கிறேன். "குளிக்கிறேல்லை எண்டு பேசுவன் டொக்டர்" என்று ஒரு தாய் சொன்னார். அது தேய்த்துப் போகாது. உள்ளே இன்சுலின் கூடியிருப்பதன் அடையாளம் அது. வீட்டில் சீனி வருத்தம் உள்ளவர்கள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. தெற்காசியப் பெண்களுக்கு இந்த இன்சுலின் குறைபாடு இளவயதிலேயே, அவ்வளவு உடம்பு இல்லாவிட்டாலும், வருகிறது. மெலிந்த பிள்ளைக்கு இது வராது என்று எண்ணவேண்டாம்.

இது அழகு பற்றிய பிரச்சினை அல்ல என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கவனிக்காமல் விட்டால் இந்தப் பெண்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு, உயர் குருதியமுக்கம், கர்ப்ப காலத்தில் சீனி வருவது ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. மாதவிடாய் மாதக்கணக்கில் வராமலிருப்பதைச் சிலர் "வராததும் ஒரு கரைச்சல் இல்லாததுதான்" என்று விட்டுவிடுகிறார்கள். முட்டை வெளிவராத மாதங்களில் கருப்பையின் உட்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் அப்படிப் போனால் அங்கே புற்றுநோய் வரும் அபாயம் கூடுகிறது. ஆகவே கர்ப்பம் இல்லாமல் 90 நாட்களுக்கு மேல் மாதவிடாய் வரவில்லை என்றால் வைத்தியரைக் காணுங்கள். வரவைக்கும் மருந்து இருக்கிறது.

பிள்ளை பிறக்காது என்பது இன்னொரு பயம். இதைச் சொல்லிச் சம்பந்தம் முறித்த கதைகள் எனக்குத் தெரியும். முட்டை ஒழுங்காக வெளிவராததால் கர்ப்பம் தரிக்கத் தாமதமாகலாம், அவ்வளவுதான். உடம்பைக் கொஞ்சம் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்காகிறது. தேவைப்பட்டால் முட்டையை முதிரவைக்கும் லெற்றோசோல் போன்ற குளிசைகள் இருக்கின்றன. பி.சி.ஓ.எஸ். உள்ள பெரும்பாலான பெண்கள் தாயாகிறார்கள்.

யோசனை என்ற சொல்லுக்கு இங்கே ஒருமுறை திரும்பவேண்டும். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. 2023 இல் வெளியான சர்வதேச வழிகாட்டல், ஒவ்வொரு பெண்ணிடமும் இதைக் கேட்டுப் பார்க்கவேண்டும் என்கிறது. யுத்தத்தில் தகப்பனை இழந்து, தாயின் உழைப்பில் வளர்ந்த பிள்ளை, வகுப்பில் "மீசைக்காரி" என்ற பெயரோடு இருந்துவிட்டுப் பாடசாலைக்கே போகமாட்டேன் என்றால், யோசனையால் மயிர் வந்தது என்று சொல்வது தலைகீழான வைத்தியம்.

என்ன பரிசோதனை செய்வது? முதலில் கதை கேட்கவேண்டும்: மாதவிடாய் எப்போது தொடங்கியது, எத்தனை நாளைக்கு ஒருமுறை, மயிர் எங்கே, எப்போதிருந்து. பிறகு இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன், தைரொயிட், புரோலக்டின், அதிரீனல் சுரப்பியின் ஒரு பிறவிக் குறைபாட்டைக் காட்டும் ஓமோன், குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சீனிப் பரிசோதனை, கொழுப்பு. ஸ்கான் எல்லோருக்கும் தேவையில்லை. மாதவிடாய் தொடங்கி எட்டு வருடங்கள் ஆகாத பிள்ளைக்கு ஸ்கான் செய்து பி.சி.ஓ.எஸ். என்று முடிவுசெய்யக்கூடாது. அந்த வயதில் ஆரோக்கியமான சூலகமும் அப்படித்தான் தெரியும். பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தனியார் ஸ்கான் எடுத்து, அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி கண்ணீரோடு வரும் தாய்மாருக்காக இதை எழுதுகிறேன். டெப்போ ஊசியோ, கையில் வைக்கும் கருத்தடைக் குச்சியோ பாவிக்கும் பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கில்லாமல் போவது அதனாலேயே இருக்கலாம். அதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

எங்கள் பகுதியில் மறக்கக்கூடாத ஒன்று வலிப்பு மருந்து. தலையில் செல் துண்டு பட்டு, அதன் பின் வலிப்பு வந்து, வருடக்கணக்காகக் குளிசை எடுக்கும் பெண்கள் எங்களிடையே இருக்கிறார்கள். சோடியம் வல்புரோவேட் என்ற குளிசை சில பெண்களில் உடம்பைக் கூட்டி, அன்ட்ரோஜனையும் கூட்டி, பி.சி.ஓ.எஸ். போன்ற நிலையை உண்டாக்கும். கர்ப்பத்தில் எடுத்தால் சிசுவுக்கு அங்கக் குறைபாடுகளும் மூளை வளர்ச்சிப் பாதிப்பும் வரலாம். பெனிற்றோயின் என்ற இன்னொரு குளிசை அன்ட்ரோஜனைக் கூட்டாமலே உடம்பெங்கும் மயிரை வளர்க்கும். இவற்றைத் தாங்களாக நிறுத்தவேண்டாம். திடீரென நிறுத்தினால் வலிப்பு உயிரையே பறிக்கலாம். கிளினிக்கில் "இதற்குப் பதில் வேறு மருந்து உண்டா?" என்று கேளுங்கள். உண்டு.

சிகிச்சைக்குப் பொறுமை வேண்டும். உடம்பு கூடியவர்கள் நிறையில் 5 முதல் 10 வீதம் குறைத்தாலே இன்சுலினும் அன்ட்ரோஜனும் இறங்கத் தொடங்கும். 70 கிலோப் பெண்ணுக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோ. சோற்றுக் கோப்பையில் கால்வாசியைக் குறைத்து அந்த இடத்தில் கீரையும் மரக்கறியும் போடுவதும், பிளேன்ரீயில் சீனியை விடுவதும், தினம் அரைமணி நேரம் விரைந்து நடப்பதும் காசில்லாத வைத்தியம். அதற்கு மேல், இரண்டு ஓமோன்கள் சேர்ந்த கருத்தடைக் குளிசை மாதவிடாயை ஒழுங்காக்கி, காவிப் புரதத்தையும் கூட்டும். கலியாணமாகாத பிள்ளைக்குக் கருத்தடைக் குளிசையா என்று தாய்மார் திடுக்கிடுவார்கள். இங்கே அது ஓமோன் மருந்து, பிற்காலத்தில் பிள்ளை பெறுவதைத் தடுக்காது. அன்ட்ரோஜனைத் தடுக்கும் ஸ்பைரனோலக்ரோன், இன்சுலினைச் சீராக்கும் மெற்போமின் ஆகியவையும் ஆளுக்கேற்பக் கொடுக்கப்படும். முகத்து மயிரில் மாற்றம் தெரிய ஆறு மாதமாவது செல்லும். ஏற்கெனவே தடித்துவிட்ட மயிர் மருந்தால் மட்டும் போகாது. லேசர் செய்யலாம். ஆனால் எங்கள் நிறத் தோலுக்குப் பொருத்தமில்லாத இயந்திரத்தால் செய்தால் எரிகாயமும் தழும்பும் மிஞ்சும். செலவில்லாத வழி சவரம்தான். சவரம் செய்தால் மயிர் தடித்து வளரும் என்பது பொய். 1928 இலேயே அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் ட்ரொட்டர் அளந்து பார்த்து, அப்படி இல்லை என்று எழுதிவிட்டார்.

வெள்ளையாக்கும் கிறீம்களைப் பற்றியும் சொல்லவேண்டும். பெயர் தெரியாத பல கிறீம்களில் வலிமையான ஸ்ரெரொயிட் கலந்திருக்கிறது. பருவுக்கும் கறுத்த கழுத்துக்கும் என்று வாங்கிப் பூசுகிறார்கள். முதல் மாதம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு இன்னும் பெருகி, பூசிய இடத்திலேயே பூனைமயிர் வளரும். நோய்க்கு வாங்கிய மருந்தே நோயைச் செய்கிறது.

தலைமயிர் கொட்டுவதெல்லாம் அன்ட்ரோஜனால் அல்ல. கடும் காய்ச்சல், பிரசவம், பட்டினி ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்களின் பின் தலை முழுவதும் சீராகக் கொத்துக்கொத்தாகக் கொட்டும். 2009 இல் பட்டினியோடும் காயங்களோடும் வெளியேறி முகாம்களுக்குள் போனவர்களில், சில மாதங்களின் பின் தலைமயிர் கொட்டியதையும் மாதவிடாய் நின்றதையும் நினைவுகூரும் பெண்கள் பலர். உணவில்லாத உடம்பு உயிருக்கு அவசியமற்ற வேலைகளை நிறுத்திவைக்கும் வழி அது. உணவு கிடைத்ததும் பெரும்பாலும் மீண்டுவிடும். இன்று அப்படிக் கொட்டினால் இரும்புச்சத்தையும் தைரொயிட்டையும் பார்க்கவேண்டும். அன்ட்ரோஜனால் கொட்டுவது வேறு விதம்: மெல்ல மெல்ல, உச்சியிலும் வகிட்டிலும், வருடக்கணக்கில்.

ஒன்று மட்டும் அவசரம். சில மாதங்களுக்குள் திடீரென்று முகத்திலும் மார்பிலும் மயிர் அடர்ந்து, குரல் தடித்து, ஆண்களைப்போலத் தலையுச்சி வெறுமையானால், அல்லது மாதவிடாய் நின்றுபோன வயதில் இவை புதிதாகத் தொடங்கினால், சூலகத்திலோ அதிரீனலிலோ கட்டி இருக்கலாம். அரிது, ஆனால் நாட்களைக் கடத்தாமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டியது.

இனி அந்த ஆண்கள். இவர்களைப் பற்றித்தான் எங்கள் சமூகத்தில் ஒரு சொல்லும் பேசப்படுவதில்லை.

டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதற்கு விதைகள் வேண்டும். விதைகளுக்குக் கட்டளை அனுப்ப மூளையின் அடியில் கபச்சுரப்பி வேண்டும். இந்தப் பாதையில் எங்கே சேதம் வந்தாலும் சுரப்பு குறையும். கிளைமோர், மிதிவெடி, செல் ஆகியவற்றின் துண்டுகள் இடுப்புக்குக் கீழே பட்டு விதைகளை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஒன்று மிஞ்சியிருந்தால் பெரும்பாலும் போதும். இரண்டும் சேதமானால் போதாது. தலைக்காயம் கபச்சுரப்பியைப் பாதிக்கலாம் என்பதும், அது வெளித்தெரிய வருடங்கள் ஆகலாம் என்பதும் இன்று நன்கு அறியப்பட்டது. முள்ளந்தண்டில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களிலும் டெஸ்டோஸ்டிரோன் குறைவது அடிக்கடி காணப்படுகிறது. உடம்பில் துண்டுகளோடு வாழ்பவர்கள் நோவுக்காக நெடுங்காலம் எடுக்கும் மோர்பின் வகை மருந்துகளும் அதைக் குறைக்கும். யுத்தத்தோடு தொடர்பில்லாமல், தொப்பையும் நீரிழிவும் உள்ள ஆண்களிலும் கணிசமானோருக்குக் குறைவு இருக்கிறது.

குறைந்தால் என்ன நடக்கும்? தாடி மெல்ல வளரும். தோல் வறண்டு மென்மையாகும். உடம்பு மயிர் உதிரும். இவை வெளியே தெரிபவை, ஆபத்தில்லாதவை. உள்ளே தசை உருகும், வயிற்றில் கொழுப்பு சேரும், எலும்பு பெலனிழக்கும். நாற்பத்தைந்து வயதில் சிறு விழுகையில் இடுப்பெலும்பு முறிந்த ஆணுக்கு, எலும்பை மட்டும் பொருத்திவிட்டு அனுப்பினால் வேலை முடியவில்லை. இரத்தம் குறைந்து களைப்பு வரும். பாலுணர்வு குறையும், அதிகாலை எழுச்சி நின்றுபோகும். மனைவியோடு ஒரே வீட்டில் அந்நியரைப்போல இருப்பார்கள். மனைவி வேறு விதமாக நினைப்பார். சிலர் இந்த வெட்கத்தைக் குடியில் புதைக்கிறார்கள். குடி விதைகளை மேலும் கெடுக்கிறது.

இந்த அறிகுறிகளில் பாதி மனவடுவாலும் வரும் என்பது உண்மை. நித்திரையின்மை, களைப்பு, ஒன்றிலும் நாட்டமின்மை இரண்டிலும் பொது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி துக்கத்துக்கு மருந்தல்ல. அதனால்தான் பரிசோதனை வேண்டும். இரத்தம் காலையில், பத்து மணிக்கு முன், வெறும் வயிற்றோடு எடுக்கவேண்டும். மாலையில் அளவு இயல்பாகவே குறையும். ஒருமுறை குறைவாக வந்தால் வேறொரு நாள் மீண்டும் எடுத்து உறுதிசெய்யவேண்டும். காய்ச்சல் நேரத்தில் எடுக்கக்கூடாது. பிறகு கபச்சுரப்பியின் ஓமோன்களைப் பார்த்தால், பழுது விதையிலா மேலேயா என்று தெரியும்.

குறைவு உறுதியானால் ஊசியாகக் கொடுக்கலாம். சில ஊசிகள் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை, சில ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இரத்தம் தடிக்கிறதா, புரஸ்ரேற்றில் மாற்றமா என்று இடைக்கிடை பார்க்கவேண்டும். புரஸ்ரேற் புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கொடுப்பதில்லை. பிள்ளை பெற விரும்பும் ஆண் கட்டாயம் முன்கூட்டியே சொல்லவேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் உடம்பு தன் விந்து உற்பத்தியை நிறுத்திவிடும். அவர்களுக்கு வேறு ஊசிகள் உண்டு. ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் உடம்பு வைக்கவென்று போடும் ஊசிகளும் இதே வகைதான். தேவையில்லாத உடம்பில் ஏற்றுவதால் முதுகெல்லாம் பரு, முன்கூட்டியே வழுக்கை, சுருங்கிய விதை, பெருத்த மார்பு, நல்ல கொழுப்பின் வீழ்ச்சி என்று விலை கொடுக்கிறார்கள்.

எங்கே போவது? பெண்கள் தங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் வாய்விட்டுச் சொல்லலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் சீனியும் பிறஷரும் பார்ப்பார்கள், மேலே அனுப்பவும் செய்வார்கள். ஆண்களுக்கு அப்படித் தனியான கிளினிக் இல்லை. அருகிலுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் சொல்லி, பொது வைத்திய நிபுணரிடமோ அகஞ்சுரக்கும் தொகுதி நிபுணரிடமோ கடிதம் கேளுங்கள். காயப்பட்ட நேரத்து டயக்னோசிஸ் காட் இருந்தால் கொண்டுபோங்கள். இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது என்றால், எந்த இடத்தில் காயம், எந்த ஆண்டு, என்ன சத்திரசிகிச்சை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும். தடுப்பில் இருந்தபோது அடிபட்டவர்கள் யார் அடித்தது, எப்படி அடித்தது என்று சொல்லத் தேவையில்லை. "கீழே பலமாக அடிபட்டது" என்ற மூன்று சொற்கள் ஒரு வைத்தியருக்குப் போதும். பரிசோதனைக்கு அனுப்பமுடியும்.